கொரில்லா ட்ரெக்கிங்கின் விதிகளுக்குப் பின்னால் ஒரு பெண்... யார் இந்த டயான் ஃபாஸி?

ருவாண்டாவில் மலை கொரில்லாவைப் பார்க்க ஒருவருக்குப் பெர்மிட் கட்டணம் 1,500 டாலர். நம்ம ஊர் கணக்கில் ஒரு லட்சம் ரூபாய்க்கும் மேல். விமான டிக்கெட், தங்கும் செலவு எல்லாம் தனி. இவ்வளவு கொடுத்தும் கொரில்லாக்களுடன் நீங்கள் இருக்க முடிவது ஒரே ஒரு மணி நேரம்தான். ஒரு கொரில்லாக் குடும்பத்தை ஒரு நாளில் 8 சுற்றுலாப் பயணிகளுக்கு மேல் பார்க்க முடியாது. 15 வயதுக்குக் கீழே என்றால் அனுமதி இல்லை. சளி, காய்ச்சல் இருந்தால் காட்டுக்குள் போக விட மாட்டார்கள்.

ஏன் இவ்வளவு கெடுபிடி? இந்தக் கேள்விக்குப் பதில் தேடினால் அது ஒரு பெண்ணிடம் போய் நிற்கிறது. அவர் பெயர் டயான் ஃபாஸி. மலை கொரில்லாக்களை உலகத்துக்கு அறிமுகப்படுத்தியவர். ஆனால், இன்று அந்தக் கொரில்லாக்களைக் காப்பாற்றிக்கொண்டிருக்கும் இதே சுற்றுலாவைக் கடுமையாக எதிர்த்தவரும் அவர்தான்.

கடன் வாங்கி ஆப்பிரிக்கா போனவர்

1932 ஜனவரி 16-ல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தவர் ஃபாஸி. சின்ன வயதிலேயே பெற்றோர் பிரிந்துவிட்டார்கள். 1954-ல் ஆக்குபேஷனல் தெரபியில் பட்டம் பெற்றார். பிறகு கென்டக்கி மாகாணத்தின் லூயிவில் நகரில், மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கான மருத்துவமனையில் வேலை பார்த்தார். விலங்கியல் படித்தவர் இல்லை. காட்டில் ஆராய்ச்சி செய்த அனுபவமும் கிடையாது.

ஆப்பிரிக்காவைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை மட்டும் ரொம்ப நாளாக இருந்தது. 1963-ல் சேமிப்பு எல்லாவற்றையும் எடுத்து, போதாததற்கு வங்கியில் கடனும் வாங்கி, ஏழு வாரப் பயணமாகக் கிளம்பிவிட்டார். இன்றைய தான்சானியாவில் உள்ள ஓல்டுவாய் பள்ளத்தாக்கில் தொல்மானுடவியல் அறிஞர் லூயி லீக்கியைச் சந்தித்தார். மனிதனின் தோற்றத்தைப் புரிந்துகொள்ள வேண்டும் என்றால் மனிதக் குரங்குகளை நீண்ட காலம் அருகில் இருந்து கவனிக்க வேண்டும் என்று நம்பியவர் லீக்கி. சிம்பன்சி ஆய்வுக்கு ஜேன் குடாலை 1960-ல் அனுப்பியதும் இவர்தான்.

அதே பயணத்தில், காங்கோ பக்கம் இருக்கும் விருங்கா எரிமலைத் தொடரில், கபாரா என்ற இடத்தில் ஃபாஸி முதன்முறையாக மலை கொரில்லாக்களைப் பார்த்தார். ஊர் திரும்பி மருத்துவமனை வேலையைத் தொடர்ந்தாலும் மனம் அங்கேயே இருந்தது. 1966-ல் லீக்கி லூயிவில்லுக்குச் சொற்பொழிவாற்ற வந்தபோது மறுபடியும் போய்ச் சந்தித்தார். கொரில்லா ஆய்வுக்கு ஆள் தேடிக்கொண்டிருந்த லீக்கி அவரையே தேர்ந்தெடுத்தார்.

கரிசோகே: இரண்டு எரிமலைகளுக்கு நடுவே

1967 தொடக்கத்தில் கபாராவில் முகாம் போட்டார். ஜார்ஜ் ஷாலர் என்ற விலங்கியலாளர் சில ஆண்டுகளுக்கு முன்பு மலை கொரில்லாக்களை ஆய்வு செய்த அதே இடம். ஆனால் ஆறே மாதத்தில் காங்கோவில் உள்நாட்டுக் கலகம் வெடித்தது. ராணுவத்தினர் அவரை மலையிலிருந்து இறக்கிக் காவலில் வைத்தார்கள். அங்கிருந்து உகாண்டாவுக்குத் தப்பினார்.

வேறு யாராக இருந்தாலும் ஊருக்கு டிக்கெட் எடுத்திருப்பார்கள். ஃபாஸியோ அதே மலைத்தொடரின் ருவாண்டா பக்கத்துக்குப் போனார். 1967 செப்டம்பர் 24-ல், கரிசிம்பி, விசோகே என்ற இரண்டு எரிமலைகளுக்கு நடுவே, சுமார் 3,000 மீட்டர் உயரத்தில் இரண்டு கூடாரங்களுடன் புது முகாம் தொடங்கினார். அந்த மலைகளின் பெயர்களைச் சேர்த்து அவர் வைத்த பெயர்தான் கரிசோகே.

முதல் பிரச்னை, கொரில்லாக்கள் மனிதர்களைக் கண்டாலே ஓடிவிடும். அதனால் ஃபாஸி அவற்றைப் போலவே நடந்துகொண்டார். முழங்காலிட்டு நகர்ந்தார். காட்டு செலரித் தண்டை மென்றார். உடம்பைச் சொறிந்துகொண்டார். திருப்தியாக இருக்கும்போது கொரில்லாக்கள் எழுப்பும் ஏப்பம் போன்ற ஒலியை எழுப்பினார். தன்னால் ஆபத்து இல்லை என்று புரியவைக்க மாதக்கணக்கில் பொறுமையாக இருந்தார். ஒவ்வொரு கொரில்லாவின் மூக்கின் மேல் இருக்கும் சுருக்கங்களும் வேறு வேறு மாதிரி இருப்பதைப் பயன்படுத்தி, அவற்றை வரைந்து வைத்து அடையாளம் கண்டார்.

1970-ல் பீனட்ஸ் என்று அவர் பெயரிட்டிருந்த ஆண் கொரில்லா, தானாகவே வந்து அவர் கையைத் தொட்டது. அதே ஆண்டு ஜனவரியில் நேஷனல் ஜியாகிரஃபிக் இதழின் அட்டையில் ஃபாஸியின் படம் வெளியானது. சினிமாவில் அரக்கனாகவே காட்டப்பட்ட ஒரு விலங்கு, குடும்பமாக வாழும் சாதுவான தாவர உண்ணி என்பது பலருக்கும் அப்போதுதான் தெரிந்தது. அந்த ஆய்வுக்காகக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் அவர் முனைவர் பட்டமும் பெற்றார்.

இன்று ட்ரெக்கிங் போகிறவர்களைப் பார்த்துக் கொரில்லாக்கள் ஓடாமல் இருக்கக் காரணமும் இதே முறைதான். ஷாலரும் ஃபாஸியும் காட்டிய வழியில், வனத்துறைக் குழுவினர் ஆண்டுக்கணக்கில் தினமும் போய்ப் பழக்கப்படுத்திய குடும்பங்களைத்தான் பயணிகளுக்குக் காட்டுகிறார்கள்.

டிஜிட்டுக்கு நேர்ந்தது

ஃபாஸிக்கு மிகவும் பிடித்த கொரில்லா டிஜிட். ஒரு விரலில் காயம் இருந்ததால் அந்தப் பெயர். கூட்டத்தில் அதன் வயதில் வேறு குட்டி இல்லாததால் அவரிடம் ஒட்டிக்கொண்டது. ருவாண்டாவுக்குப் பயணிகளை அழைக்கும் அரசு போஸ்டரில்கூட டிஜிட்டின் படம் இடம்பெற்றது.

1977 டிசம்பர் 31. சட்டவிரோத வேட்டைக்காரர்கள் நாய்களுடன் டிஜிட்டின் கூட்டத்தை நெருங்கினார்கள். டிஜிட் தடுத்து நிற்க, மற்ற கொரில்லாக்கள் தப்பின. ஈட்டியால் குத்திக் கொல்லப்பட்ட டிஜிட்டின் தலையும் கைகளும் வெட்டி எடுக்கப்பட்டிருந்தன. அந்தக் காலத்தில் கொரில்லாவின் தலையையும் கையையும் நினைவுப் பொருளாக வாங்க வெளிநாட்டினர் இருந்தார்கள். அடுத்த ஆண்டு ஜூலையில் அந்தக் கூட்டத்தின் தலைவனான அங்கிள் பெர்ட்டும் சுட்டுக் கொல்லப்பட்டது.

டிஜிட்டின் பெயரில் ஒரு நிதியை 1978-ல் தொடங்கினார் ஃபாஸி. அந்தப் பணம் வேட்டைத் தடுப்பு ரோந்துக்குப் போனது. அவருடைய ஆட்கள் காட்டில் இருந்த கண்ணிகளை அறுத்தெறிந்தார்கள். இந்தக் கண்ணிகளில் பெரும்பாலானவை சின்ன மான் வகைகளுக்காக வைக்கப்பட்டவை. ஆனால் கொரில்லாவின் கையோ காலோ சிக்கினால் காயம் அழுகி உயிரே போகும்.

இன்னொரு பக்கமும் உண்டு

இங்கேதான் ஃபாஸியின் கதை சிக்கலாகிறது. டிஜிட்டின் மரணத்துக்குப் பிறகு அவர் நடத்தியது கிட்டத்தட்ட ஒரு தனிப்பட்ட போர். பிடிபட்ட வேட்டைக்காரர்களை, உடம்பில் பட்டால் எரியும் செந்தட்டிச் செடியால் அடித்தார். சூனியக்காரி போல முகமூடி போட்டுப் பயமுறுத்தினார். பூங்காவுக்குள் மேய்ந்த மாடுகளைச் சுட்டார். ஒரு வேட்டைக்காரரின் குழந்தையைப் பிடித்து வைத்த சம்பவமும் உண்டு.

சுற்றியிருந்த கிராமங்கள் மிகவும் ஏழ்மையானவை. ருவாண்டா ஆப்பிரிக்காவிலேயே மக்கள் நெருக்கம் மிகுந்த நாடுகளில் ஒன்று. 1960-களின் இறுதியில் பைரித்ரம் என்ற பூச்சிக்கொல்லிப் பூவைப் பயிரிட, பூங்காவின் பெரிய பகுதியை அரசே வெட்டிக் கொடுத்திருந்தது. காட்டை நம்பி வாழ்ந்தவர்களுக்கு மாற்று வழி என்ன என்ற கேள்விக்கு ஃபாஸியிடம் பதில் இல்லை. அவர் உள்ளூர் மக்களை நடத்திய விதத்தை அன்றும் இன்றும் பலர் விமர்சிக்கிறார்கள். அந்த விமர்சனம் நியாயமானது.

சுற்றுலாவா, வேண்டவே வேண்டாமா?

1970-களின் இறுதியில் இன்னொரு ஆபத்து வந்தது. பூங்காவின் இன்னொரு பகுதியை மாட்டுப் பண்ணை ஆக்கும் யோசனை பேசப்பட்டது. கரிசோகேவுக்கு ஆய்வுக்காக வந்த பில் வெபர், ஏமி வெட்டர் தம்பதி வேறு வழி சொன்னார்கள். கொரில்லாக்கள் உயிருடன் இருந்தால் மாடுகளைவிட அதிக வருமானம் வரும் என்று அரசுக்குக் காட்டினால் காடு பிழைக்கும். கட்டுப்பாட்டுடன் சின்னச் சின்னக் குழுக்களாகப் பயணிகளை அழைத்துப் போகலாம் என்பதுதான் திட்டம். 1979-ல் அது தொடங்கியது.

ஃபாஸி இதை எதிர்த்தார். மனிதர்களின் நோய் கொரில்லாக்களுக்குத் தொற்றும், அவற்றின் நிம்மதி கெடும், மனிதர்களுக்குப் பழகிய கொரில்லா வேட்டைக்காரர்களையும் நம்பிவிடும் என்பது அவர் பயம். நேரடியாக ரோந்து போவது மட்டுமே பாதுகாப்பு என்று நம்பினார்.

1980-ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்துக்குப் போய்த் தன் அனுபவங்களைப் புத்தகமாக எழுதினார். 1983-ல் அது வெளியானது. மறுபடி மலைக்கே திரும்பினார். அதிகம் புகைபிடித்ததால் நுரையீரல் கெட்டு, மலை ஏறுவதே பெரும்பாடாக இருந்தது.

1985 டிசம்பர் 26 இரவு, கரிசோகேவில் தன் குடிலுக்குள் வெட்டிக் கொல்லப்பட்டார். வயது 53. அமெரிக்க ஆய்வு உதவியாளர் ஒருவரை அவர் நாட்டை விட்டுப் போன பிறகு ருவாண்டா நீதிமன்றம் குற்றவாளி என்று அறிவித்தது. அவர் அதை மறுத்தார். அந்தத் தீர்ப்பை நம்பாதவர்கள் நிறைய. உண்மையில் கொன்றது யார் என்ற கேள்வி இன்றும் முடியவில்லை. கரிசோகேவில் கொரில்லாக்களுக்காக அவரே அமைத்த இடுகாட்டில், டிஜிட்டுக்குப் பக்கத்தில் ஃபாஸி அடக்கம் செய்யப்பட்டார்.

கடைசியில் யார் சொன்னது சரி?

1981 கணக்கெடுப்பில் விருங்கா மலைத்தொடரில் இருந்தவை சுமார் 250 கொரில்லாக்கள். 2015-16 கணக்கெடுப்பில் அது 604. உகாண்டாவின் ப்விண்டி பகுதியையும் சேர்த்தால் இன்று 1,063. 2018-ல் மலை கொரில்லா, மிகவும் ஆபத்தான நிலை என்ற பட்டியலிலிருந்து ஒரு படி கீழே இறக்கப்பட்டது.

இதில் பயணிகளின் பணத்துக்குப் பெரிய பங்கு உண்டு. வனக்காவலர் சம்பளம் அதிலிருந்து போகிறது. ருவாண்டாவில் பூங்கா வருமானத்தில் 10 சதவீதம் சுற்றுப்புற மக்களுக்கான திட்டங்களுக்குச் செல்கிறது. ஃபாஸி பதில் சொல்லாத கேள்விக்கு இது ஓரளவு பதில்.

ஆனால் ஃபாஸியும் தோற்கவில்லை. பழக்கப்படுத்தப்பட்டு, தினமும் கண்காணிக்கப்பட்ட விருங்கா கொரில்லாக்களின் எண்ணிக்கை கூடியதும், அப்படி இல்லாதவற்றின் எண்ணிக்கை மெல்லக் குறைந்ததும் 2011-ல் வந்த ஆய்வில் தெரிந்தது. தினமும் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும் என்பது அவர் வழி. நோய் பற்றிய அவர் பயமும் சரிதான். மனிதர்களிடமிருந்து பரவும் சுவாச நோய்கள் இன்றும் கொரில்லாக்களுக்குப் பெரிய ஆபத்து. கொரோனா காலத்தில் ட்ரெக்கிங் முழுவதும் நிறுத்தப்பட்டதும் அதனால்தான்.

நீங்கள் போவதாக இருந்தால்...

* ருவாண்டாவில் பெர்மிட் 1,500 டாலர். உகாண்டாவில் 800 டாலர். காங்கோ பகுதியில் மோதல்கள் இருப்பதால் இப்போதைக்கு அதைத் திட்டத்தில் சேர்க்க வேண்டாம்.
* ஜூன் முதல் செப்டம்பர் வரையும், டிசம்பர் முதல் பிப்ரவரி வரையும் மழை குறைவு. இந்த மாதங்களுக்குப் பல மாதங்கள் முன்பே பெர்மிட் எடுத்துவிடுங்கள்.
* நடை ஒரு மணி நேரமும் ஆகலாம், அரை நாளும் ஆகலாம். கொரில்லா எங்கே இருக்கிறதோ அதைப் பொறுத்தது. சேற்றுக்கு ஏற்ற ஷூ, முழுக்கை சட்டை, கையுறை அவசியம். பையைத் தூக்க உள்ளூர் ஆளை அமர்த்தினால் அவருக்கும் ஒரு வருமானம்.
* மாஸ்க் கட்டாயம். குறைந்தது 7 முதல் 10 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். குட்டி உங்களை நோக்கி வந்தால் நீங்கள்தான் பின்வாங்க வேண்டும்.
* உடம்பு சரியில்லை என்றால் மறைக்காதீர்கள். பணம் போகிறதே என்று மறைக்கும் ஒரு இருமல், ஒரு குடும்பத்தையே பாதிக்கலாம்.

பழைய கரிசோகே முகாமுக்கும் ஃபாஸியின் கல்லறைக்கும் தனியாக ஒரு ட்ரெக்கிங் உண்டு. கூடுதலாக ஒரு நாள் இருந்தால் போய் வாருங்கள். பயணிகளே வரக்கூடாது என்று நினைத்தவரைப் பார்க்கவும் இன்று பயணிகள்தான் மலை ஏறுகிறார்கள்.