66 வயசில் ஒரு ஸ்டார்ட்அப்: நடுத்தர வர்க்கத்துக்கு ஹோம் லோன் கொண்டுவந்த ஹெச்.டி.பாரேக்

30 வயசுல ஹோம் லோன் போட்டு ஃபிளாட் வாங்குறது இன்னைக்கு சாதாரணம். 1970-களில் நிலைமையே வேற. ரிட்டையர் ஆகும்போது வரும் பி.எஃப்., கிராஜுவிட்டி பணத்தை நம்பித்தான் பல சம்பளக்காரர்கள் சொந்த வீடு பற்றி யோசித்தார்கள். இதை மாற்றியதில் முக்கியமானவர் ஹஸ்முக் தாகோர்தாஸ் பாரேக்.

யார் இவர்?

1911-ல் சூரத்தில் பிறந்தவர். மும்பையில் 'சால்' எனப்படும் ஒண்டுக்குடித்தன வீட்டில் வளர்ந்தார். பார்ட் டைம் வேலை பார்த்துக்கொண்டே படித்தவர், பிறகு லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் வரை போனார். இந்தியா திரும்பி, பங்குத் தரகு நிறுவனம் ஒன்றில் சுமார் 20 வருஷம் வேலை. 1956-ல் ஐ.சி.ஐ.சி.ஐ.-யில் சேர்ந்து, பின்னாளில் அதன் தலைவரானார். அப்போது அது வங்கி இல்லை; தொழில் நிறுவனங்களுக்கு நீண்டகாலக் கடன் தரும் நிறுவனம்.

அதாவது, தொழிற்சாலை கட்ட நீண்டகாலக் கடன் கிடைத்தது. அங்கே வேலை பார்ப்பவர் வீடு கட்டக் கடன் கிடைப்பதுதான் குதிரைக்கொம்பு.

ஏன் யாரும் கடன் தரவில்லை?

வங்கிகளுக்கு வரும் டெபாசிட் குறுகிய காலத்துக்கானது. வீட்டுக் கடனோ 15, 20 வருஷம் ஓடும். தவணை நின்றுபோனால் வீட்டை மீட்க கோர்ட்டில் வருஷக்கணக்கில் அலையணும். கடன் வாங்குபவரின் பழைய கணக்கைப் பார்க்க 'சிபில்' மாதிரி எதுவும் கிடையாது. 1970-ல் வந்த அரசின் ஹட்கோ, பெரும்பாலும் மாநில வீட்டுவசதி வாரியங்களுக்குத்தான் கடன் கொடுத்தது.

பாரேக் என்ன செய்தார்?

1977-ல், 66 வயதில், ஹெச்.டி.எஃப்.சி.-யைத் தொடங்கினார். மூலதனம் 10 கோடி ரூபாய். ஐ.சி.ஐ.சி.ஐ., உலக வங்கிக் குழுமத்தின் ஐ.எஃப்.சி., ஆகா கான் ஆகியோர் பங்குதாரர்களாகச் சேர்ந்தார்கள். ஆனால் பொதுமக்களுக்கு விற்க வந்த பங்குகள் முழுசா விற்கவில்லை. வீட்டுக் கடனில் லாபம் வரும் என்று பலர் நம்பவில்லை. 1978-ல் அவருடைய சகோதரரின் மகன் தீபக் பாரேக், வெளிநாட்டு வங்கி வேலையை விட்டுவிட்டு வந்து சேர்ந்தார்.

ஃபார்முலா சிம்பிள். மாச வருமானத்தில் எவ்வளவு கட்ட முடியும் என்று பார்ப்பது, அதற்கேற்ப கடன் தருவது, ஜாமீன்தாரர் கேட்பது, மாசாமாசம் தவணையாக வாங்குவது. சம்பளக்காரர்கள் ஒழுங்காகக் கட்டினார்கள். அந்த நம்பிக்கையில் வீட்டுக் கடன் ஒரு தொழிலாகவே வளர்ந்தது. பிறகு வங்கிகளும் போட்டி போட்டு உள்ளே வந்தன.

யார் விடுபட்டார்கள்?

இந்த ஃபார்முலாவின் பலமே அதன் பலவீனமும்கூட. சம்பளச் சீட்டு இருந்தால் கதவு திறக்கும். கட்டடத் தொழிலாளி, தள்ளுவண்டி வியாபாரி போன்றவர்களிடம் அந்தச் சீட்டு இல்லை. இந்த இடைவெளியைக் குறைக்கவும் முயற்சி நடந்தது. கிராமங்கள், சிறு ஊர்களுக்காக 1986-ல் குஜராத்தில் 'குருஹ்' நிறுவனம் உருவானது. குறைந்த வருமானக் குடும்பங்களின் வீடுகளுக்கு ஜெர்மனியின் கே.எஃப்.டபிள்யூ. வங்கி நிதியும் ஹெச்.டி.எஃப்.சி. வழியாக வந்தது. ஆனாலும் இடைவெளி முழுசா மூடவில்லை.

1992-ல் பத்ம பூஷண் பெற்ற பாரேக், 1994-ல் காலமானார். அவர் தொடங்கிய நிறுவனம் 2023-ல் ஹெச்.டி.எஃப்.சி. வங்கியோடு இணைந்துவிட்டது. தனியார் பணத்தை வைத்து சாமானியருக்கு வீட்டுக் கடன் தர முடியும் என்று அவர் நிரூபித்தார். சம்பளச் சீட்டு இல்லாதவருக்கும் அதைக் கொண்டுபோவது இன்னும் முடியாத வேலை.