வீடு செய்த கொல்லர்

உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றும் மக்கள் வாழ்வுக்கு இன்றியமையாதன. இவற்றுள் உணவுப் பண்டங்களையும் உடைகளையும் பொறிகளின் துணையால் விரைந்து ஆக்கும் நெறியை மேலைநாட்டினர் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கைக்கொண்டனர். ஆயினும் வீடு கட்டுந்தொழில் மட்டும் பழைய நிலையிலேயே நின்றது. கல்லின்மேல் கல் அடுக்கி, சாந்து உலரக் காத்திருந்து, மழைக்கும் பனிக்கும் அஞ்சி, பல திங்கள் உழைத்தே ஒரு வீட்டை எழுப்பினர். ஊர்திகளைத் தொழிற்சாலையில் உறுப்பு உறுப்பாகச் செய்து இணைக்கின்றனர். அங்ஙனமே வீட்டையும் செய்தல் இயலாதோ என்று எண்ணியவர் சிலர். அவருள் தலைசிறந்தவர் பிரெஞ்சு நாட்டு ழான் புரூவே. இவர் கட்டடக் கலையில் பட்டம் பெற்றவர் அல்லர்; இரும்புக் கொல்லராகவே தொழில் தொடங்கியவர்.

இளமை

ழான் புரூவே 1901-ஆம் ஆண்டு ஏப்ரல் 8-ஆம் நாள் பாரிசு நகரில் பிறந்தார். அவர் வளர்ந்தது பிரான்சின் கிழக்கேயுள்ள லொரேன் பகுதியில், நான்சி என்னும் ஊரில் ஆகும். தந்தையார் விக்டர் புரூவே ஓவியத்திலும் சிற்பத்திலும் வல்லவர். தாயார் பியானோ இசையில் தேர்ந்தவர். அக்காலத்து நான்சி நகரில் கண்ணாடி வினைஞர், தச்சர், கொல்லர், ஓவியர் ஆகியோர் ஒன்றுகூடிக் கலைக்கழகம் ஒன்று நடத்தினர். கண்ணாடிக் கலையில் புகழ்பெற்ற எமில் கால்லே அதன் முதல் தலைவர். அவர் 1904-இல் மறைந்தபின் விக்டர் புரூவே அப்பொறுப்பை ஏற்றார். கலை என்பது செல்வர் மாளிகையில் மட்டும் விளங்குவதன்று. எளியோர் நாள்தோறும் கையாளும் பொருள்களிலும் அது விளங்கவேண்டும் என்பது அக்கழகத்தாரின் கொள்கை. இக்கொள்கை இளைஞர் ழானின் உள்ளத்தில் பசுமரத்தாணி போல் பதிந்தது.

பொறியியல் கற்கவேண்டும் என்று அவர் விரும்பினார். முதல் உலகப்போர் மூண்டது, குடும்பத்தில் பொருள் முடை நேர்ந்தது, படிப்பு தடைப்பட்டது. 1916-இல், பாரிசை அடுத்த ஆங்கியான் என்னும் ஊரில் எமில் ரோபேர் என்ற கொல்லரிடம் அவர் தொழில் பழகச் சென்றார். உலையில் துருத்தி ஊதுவதும், காய்ச்சிய இரும்பைச் சம்மட்டியால் அடித்து வளைப்பதும் அவருக்குக் கல்வியாயின. அக்கல்வியைத் தாழ்வென்று அவர் கருதவில்லை. இரும்பு எவ்விடத்தில் வளையும், எவ்விடத்தில் முறியும் என்பதை நூலால் அறிவதற்கு முன்னரே கையால் அறிந்தார்.

பட்டறை

1924-இல், குடும்ப நண்பர் ஒருவர் கடன் உதவ, நான்சி நகரில் அவர் சொந்தப் பட்டறை அமைத்தார். முதலில் வாயிற் கதவுகளும், படிக்கட்டுக் கைப்பிடிகளும், விளக்குத் தண்டுகளும் செய்தார். காய்ச்சி அடிக்கும் இரும்பை விட்டு, மெல்லிய எஃகுத் தகட்டை மடிக்கும் முறைக்கு விரைவில் மாறினார். அவர் வாழ்நாட் பணி அனைத்துக்கும் அடிப்படை இம்மாற்றமே.

ஒரு தாளை நிறுத்தினால் அது நில்லாது சாயும். அதனையே நடுவில் மடித்து நிறுத்தினால் நிற்கும். விசிறி போலப் பன்முறை மடித்தால் சிறு பளுவையும் தாங்கும். எஃகுத் தகட்டுக்கும் இது பொருந்தும். தடித்த இரும்புத் தூண் தாங்கும் பளுவை, தக்கவாறு மடித்த மெல்லிய தகடும் தாங்கவல்லது. எடையோ மிகக் குறைவு. புரூவே பெரிய மடிப்புப் பொறிகளை வாங்கி, நாற்காலி, மேசை, கதவு, சுவர்ப்பலகை முதலியவற்றைத் தகட்டால் செய்தார். நாற்காலியில் அமர்வோரின் எடை பின்கால்களிலேயே மிகுதியாகச் சாரும் என்று கண்டு, அக்கால்களை மட்டும் அகன்ற தகட்டால் ஆக்கினார்; முன்கால்களுக்கு மெல்லிய குழாயே போதும் என்றார். தேவைக்கு மிகையாக ஒரு துண்டும் சேர்ப்பதை அவர் விரும்பார்.

வரைவோர் ஓரிடத்திலும் செய்வோர் வேறிடத்திலும் இருத்தல் தகாது என்பது அவர் துணிபு. காலையில் தாளில் வரைந்ததை மாலையில் தகட்டில் வெட்டிப் பார்ப்பார். பிழை காணின் மறுநாள் திருத்துவார். பட்டறையின் ஆதாயத்தில் தொழிலாளர்க்கும் பங்கு அளித்தார்.

1935 முதல் 1939 வரை, பாரிசை அடுத்த கிளிஷி என்னும் ஊரில் மக்கள் மன்றம் ஒன்றை, போதுவான், லோட் என்னும் கட்டடக் கலைஞரோடு கூடி எஃகினாலும் கண்ணாடியினாலும் அமைத்தார். அக்கட்டடத்தின் கூரை விலகித் திறக்கும், மேல்தளம் நகரும். சந்தையாகப் பயன்படும் இடமே கூட்டம் நடத்தும் அரங்காகவும் மாறும். கண்டோர் வியந்தனர்.

போரும் வீடும்

1939-இல் இரண்டாம் உலகப்போர் மூண்டது. படைவீரர் தங்குவதற்கு எளிதில் பிரித்து எடுத்துச் செல்லத்தக்க குடில்களைப் புரூவே ஆக்கினார். அவற்றுக்கென அவர் கண்ட அமைப்பு எளியது. வீட்டின் நடுவே, மடித்த தகட்டாலான இருகால் சட்டம் ஒன்று நிற்கும். கூரையின் முகட்டுவிட்டம் அதன்மேல் அமரும். நடுச்சட்டமே பளுவின் பெரும்பகுதியைத் தாங்குவதால் சுவர்கள் கனமாக இருக்கவேண்டுவதில்லை. பலகைகளை நிரல்பட நிறுத்தித் திருகாணியால் முடுக்கினாற் போதும்.

பிரான்சு பகைவர் கைப்பட்டபோது புரூவே விடுதலை வீரர்களோடு மறைவாகச் சேர்ந்து உழைத்தார். 1944 செப்டம்பரில் நான்சி விடுதலை பெற்றது. நகரத் தலைவர் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1945 வரை அவர் அதனை ஏற்று நடத்தினார்.

அப்பொழுது லொரேன் நாட்டுப்புறத்தில் பல ஊர்கள் இடிந்து கிடந்தன. வீடிழந்த மக்கள் குளிரில் வாடினர். அவர்களைத் தொலைவிலுள்ள முகாம்களுக்கு அனுப்பினால் வயலும் கால்நடையும் பாழாகும். அவரவர் நிலத்திலேயே வீடு தருவதே வழி. மறுசீரமைப்பு அமைச்சகம் கேட்டுக்கொள்ள, 6 மீட்டர் நீளமும் 6 மீட்டர் அகலமும் உள்ள வீடுகளைப் புரூவே செய்தளித்தார். சற்றுப் பெரியவை 9 மீட்டர் நீளமாயின. எஃகு கிடைத்தற்கு அரிதாயிருந்தமையால் சட்டத்தை மட்டும் எஃகாலும், சுவர்களை மரத்தாலும் அமைத்தார். உறுப்புகள் சுமையுந்தில் வந்திறங்கும். ஒரு சிலர் கூடி ஒரே நாளில் பொருத்திவிடுவர். மாலையில் குடும்பம் குடியேறும். எலிவளையானாலும் தனிவளை வேண்டும் என்பது நம்மவர் பழமொழி. அனைத்தும் இழந்த உழவர்க்கு அச்சிறு வீடு அரண்மனைக்கு நிகராயிற்று. சில நூறு வீடுகள் இவ்வாறு எழுந்தன.

ஏற்றமும் இழப்பும்

1947-இல் நான்சியை அடுத்த மாக்செவில் என்னும் ஊரில் பெரிய தொழிற்சாலையைப் புரூவே நிறுவினார். வீடுகளை ஆயிரக்கணக்கில் செய்து குவிக்கலாம் என்று நம்பினார். பாரிசின் புறத்தே மெதோன் என்னுமிடத்தில் 14 வீடுகள் அவர் முறையில் எழுந்தன. ஆப்பிரிக்காவின் வெப்பத்துக்கு ஏற்ற வீட்டையும் அவர் வகுத்தார். சட்டம் எஃகு, சுவர் அலுமினியத் தகடு, காற்று இடையே புகுந்து வெம்மையைப் போக்கும் இரட்டைக் கூரை. உறுப்புகளை வானூர்தியில் ஏற்றி, 1949-இல் நியாமே நகருக்கு ஒரு வீட்டையும், 1951-இல் பிராசவில் நகருக்கு இரண்டு வீடுகளையும் அனுப்பினர். அவற்றின் விலையோ மிகுந்தது. வீடென்றால் சுண்ணச்சுவரே வேண்டும் என்ற பழக்கமும் மாறவில்லை. மூன்றோடு அம்முயற்சி நின்றது.

இதற்கிடையில் பட்டறையின் முதலில் அலுமினிய நிறுவனத்தாரின் பங்கு பெருகியது. அவர்கள் புதிய மேலாளர்களை அமர்த்தினர். திட்டமிடுவார் ஒருபுறம், செய்வார் மறுபுறம் எனப் பணியைப் பிரித்தனர். புரூவே எதனைத் தம் தொழிலின் உயிராகக் கொண்டாரோ அதுவே அறுபட்டது. மனம் ஒவ்வாமல் 1953-இல் அவர் வெளியேறினார். தம் பெயர் தாங்கிய பட்டறையும், தாம் பழக்கிய தொழிலாளரும், பார்த்துப் பார்த்து வாங்கிய பொறிகளும் அவருக்கு இல்லாமற் போயின. அப்பொழுது அவருக்கு அகவை 52. இவ்விழப்பை அவர் இறுதிவரை மறந்திலர்.

இடிந்து அமர்ந்துவிடும் இயல்பினர் அல்லர் அவர். நான்சி நகரின் மேட்டில் செங்குத்தான சரிவொன்று இருந்தது. வீடு கட்ட உதவாத நிலம் என்று பிறர் கைவிட்டது. 1954-இல் அந்நிலத்தில், தொழிற்சாலையில் எஞ்சிய பலகைகளையும் சட்டங்களையும் கொண்டு தமக்கொரு வீடு அமைத்தார். மனைவியும் மக்களும் நண்பரும் தோள்கொடுத்தனர். ஊர்கூடித் தேர் இழுத்தாற்போல் பணி நடந்தது. பலவகையிலும் மிஞ்சிய உறுப்புகள் ஒரு வீட்டில் இணைந்தமையால் சுவர்கள் ஒரு நிறமாய் இல்லை. ஆனால் வீடு உறுதியாய் நின்றது.

ஏழையர்க்கு ஒரு வீடு

1954-ஆம் ஆண்டுக் குளிர்காலம் பிரான்சில் மிகக் கொடியதாயிருந்தது. பாரிசுத் தெருவில் வீடற்ற பெண்ணொருத்தி விறைத்து இறந்தாள். அபே பியேர் என்னும் துறவி வானொலி வழியே மக்களிடம் முறையிட்டார். நாடெங்கும் இரக்கம் பெருகியது. அவர் வேண்டுகோளுக்கு இணங்கிப் புரூவே 1956-இல் ஒரு வீட்டை வகுத்துக் கொடுத்தார். சமையல், குளியல் ஆகியவற்றுக்கான அமைப்பு முழுவதும் எஃகுப் பெட்டகமாகத் தொழிற்சாலையிலேயே முடிந்து வரும். அதனை நடுவில் நிறுத்தினால் கூரையையும் அதுவே தாங்கும், சுற்றிலும் மரச்சுவர். சேன் ஆற்றங்கரையில் மக்கள் காண அவ்வீட்டை ஏழே மணி நேரத்தில் நிறுவிக் காட்டினர்.

ஆயினும் அரசின் ஒப்புதல் கிடைக்கவில்லை. குளியலறை வீட்டின் நடுவே அமைந்தது விதிக்கு மாறு என்றனர். தெருவில் கிடந்தோர்க்கு ஏழு மணி நேரத்தில் கிடைத்திருக்கக்கூடிய வீடு, விதி ஒன்றினால் விலக்குண்டது. ஒரு சில வீடுகளோடு அத்திட்டமும் முடிந்தது.

பட்டறை இழந்த புரூவே ஆசிரியரானார். 1957 முதல் 1970 வரை பாரிசிலுள்ள தேசியக் கலைத்தொழிற் கல்விக்கூடத்தில் விரிவுரையாற்றினார். பேச்சோடு நில்லாமல் கரும்பலகையில் வரைந்து வரைந்து விளக்கினார். வகுப்பில் இடமின்றி மாணவர் நெருங்கினர். 1971-இல், பாரிசில் எழவிருந்த பொம்பிடூ மையத்துக்கான போட்டியில் நடுவர் குழுவின் தலைமை அவருக்கு வாய்த்தது. வந்த 681 திட்டங்களுள், எஃகுச் சட்டத்தை மறைக்காமல் வெளியே காட்டிய இளைஞரின் திட்டம் வென்றது. பட்டமில்லாத கொல்லர் உலகக் கட்டடக் கலைஞர்க்கு நடுவராய் இருந்தது தொழிலறிவுக்குக் கிடைத்த சிறப்பாகும். 1984 மார்ச்சு 23-ஆம் நாள் நான்சியில் அவர் காலமானார்.

வீடுகளின் பிற்கால வரலாறு

மண்ணோடு பிணைந்த கட்டடத்தைப் பெயர்த்தால் சிதையும். புரூவேயின் வீடுகளோ திருகாணியால் இணைந்தவை, முடுக்கியவாறே தளர்த்தலாம். இவ்வியல்பே அவை அழியாமல் தப்பியதற்குக் காரணமாயிற்று. 2000-ஆம் ஆண்டளவில் நியாமேயிலும் பிராசவில்லிலும் இருந்த வீடுகளைப் பிரித்துப் பிரான்சுக்குக் கொண்டுவந்தனர். அரை நூற்றாண்டு வெயிலில் அவை துருவேறியிருந்தன. பிராசவில் வீட்டின் தகடுகளில் உள்நாட்டுப் போரின் குண்டுத் துளைகளும் இருந்தன. வல்லுநர் துருவகற்றிச் செப்பனிட்டனர். அவற்றுள் ஒன்று 2007-இல் நியூயார்க்கு நகரில் ஏறத்தாழ 50 இலட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. மற்றொன்று அதே ஆண்டில், புரூவே நடுவராய் இருந்து தேர்ந்த பொம்பிடூ மையத்தின் மேல்தளத்தில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. ஆப்பிரிக்க மண்ணில் நின்றவற்றை அங்கேயே காத்திருக்கவேண்டும் என்று வாதிடுவாரும் உளர், அவ்வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று.

வீடற்ற உழவர்க்கென ஒரு நாளில் பொருத்திய எளிய வீடுகளும் இன்று செல்வர் தேடித் திரட்டும் அரும்பொருள்கள் ஆயின. புரூவே இதனை எண்ணிச் செய்திலர். வீட்டைக் காப்பது நன்று. அதனை அவர் யாருக்காகச் செய்தார் என்பதை மறவாதிருத்தல் அதனினும் நன்று.

கிளிஷி மக்கள் மன்றத்தை 1983-இல் பிரெஞ்சு அரசு வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது. நான்சி மேட்டிலுள்ள அவருடைய சொந்த வீடு 1987-இல் அச்சிறப்பைப் பெற்றது. நகராட்சி அதனை வாங்கிப் பேணி, பொதுமக்கள் கண்டு செல்ல வழிசெய்தது. தொழிற்சாலையை இழந்த ஒருவர், அது கழித்த துண்டுகளைக் கொண்டு மனைமக்களோடு கூடிப் பொருத்திய வீடு அது. கருதும் அறிவும் செய்யும் கையும் ஒருங்கே அமைந்தவரிடமிருந்து எத்தொழிற்சாலையும் தொழிலைப் பறித்துவிட இயலாது என்பதற்கு அவ்வீடே சான்று.