வீணை தனம்மாள்

பழந்தமிழர் போற்றிய யாழ் வழக்கொழிந்த பின்னர், நம் நாட்டு நரம்புக்கருவிகளுள் தலைமை பெற்றது வீணையாகும். அதனை வாசித்துப் புகழ்பெற்றோர் பலர். ஆயினும், அக்கருவியின் பெயரே தம் பெயருக்கு அடையாக அமையப் பெற்றோர் மிகச் சிலரே. அச்சிலருள் தலைசிறந்தவர் தனம்மாள் ஆவர்.

அம்மையார் 1867-ஆம் ஆண்டில் சென்னையிற் பிறந்தார். பாட்டியார் காமாட்சியம்மாள் தஞ்சை அரசவையில் ஆடியவர். தாயார் சுந்தரம்மாள் இசைவல்லவர். சாத்தனூர்ப் பஞ்சநதையரிடம் முத்துசாமி தீட்சிதரின் கீர்த்தனங்களையும், கண்ணொளி இழந்தவராகிய வாலாஜாபேட்டைப் பாலகிருஷ்ணதாசரிடம் க்ஷேத்ரக்ஞரின் பதங்களையும் அம்மையார் பாடம் பண்ணினார்.

அவர்தம் வாசிப்பின் புதுமை யாதெனில், விரலேயாம். வைணிகர் பலர் கம்பியாலாகிய மீட்டியை விரலில் அணிந்து தந்தியை மீட்டுவர். அதனால் ஓசை பெருகும். ஆயின், உலோகத்தோடு உலோகம் உரசும் ஒலியும் உடன் கலக்கும். அம்மையார் மீட்டியை ஒழித்து, வெறும் விரல்களாலேயே மீட்டினார். ஒலி சிறுத்தது, இனிமை பெருகிற்று. இடக்கை விரலால் மெட்டின்மேல் தந்தியை இழுத்து, ஒருமுறை மீட்டிய நாதம் அடங்குமுன் அதனுள்ளேயே பல சுரங்களைத் தோற்றுவித்தார். உடன் தாமும் மெல்லப் பாடுவார். விரைவும் ஆரவாரமும் அவர் வேண்டாதன.

வெள்ளிக்கிழமை மாலைதோறும் சென்னை ஜார்ஜ் டவுனில் அவர் இல்லத்தில் வீணையொலி எழும். அந்நுண்ணொலியைக் கேட்க வேண்டுமாயின் அவை அசைவற்றிருத்தல் வேண்டும். பெரும் வித்துவான்களும் ஆங்கு மாணாக்கரைப்போல் வாய்புதைத்து அமர்ந்திருந்தனர்.

ஆயினும் அம்மையாரின் வாழ்வு இன்பமே நிறைந்ததன்று. அவர் தேவதாசி மரபினர். அம்மரபினரை நாட்டார் இழித்துரைக்கத் தொடங்கிய காலம் அது. கலையை விரும்பினோரே கலைஞரை விலக்கினர். கடன் நெருக்கியது, முதுமையிற் கண்ணொளியும் குன்றியது. அந்நிலையிலும் பெருங்கூட்டத்தின் கைதட்டலை வேண்டித் தம் வாசிப்பை அவர் மாற்றினாரல்லர். 1932-இல் கொலம்பியா நிறுவனத்தார் அவர் இசையை இசைத்தட்டுகளிற் பதிந்தனர். தட்டின் ஒரு பக்கத்திற்கு மூன்று நிமிடமே இடமாயினும், அச்சிறு பொழுதினுள்ளும் அவர் விரைந்தாரல்லர். 1938 அக்டோபர் 15-ஆம் நாள் அவர் மறைந்தார்.

வீணையின் நாதம் அடங்கிற்று. அதன் வழி அடங்கவில்லை. பேர்த்தியர் பிருந்தாவும் முக்தாவும் அந்நிதானத்தைத் தம் குரலில் ஏற்றனர். மற்றொரு பேர்த்தியாகிய பாலசரசுவதி அதனையே அபிநயத்திற் காட்டினார். சென்னை மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதிப் பட்டம் 1973-இல் பாலசரசுவதிக்கும் 1976-இல் பிருந்தாவுக்கும் கிட்டியது. பேரர் விசுவநாதன் அமெரிக்க நாட்டு வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் இம்மரபைக் கற்பித்தார். பிருந்தாவுக்கு இசை பயிற்றியோருள் காஞ்சீபுரம் நாயனாப் பிள்ளையும் ஒருவர் என்பது, சாலவாக்கம் போன்ற காஞ்சிநாட்டுச் சிற்றூர்களிற் பிறந்த எம்மனோர்க்குத் தனிப்பெருமை தருவதாகும்.

ஒரு சிறு கூடத்திற்கு அப்பால் எட்டாத ஒலி, கடல் கடந்தும் தலைமுறை கடந்தும் சென்ற வியப்பை நாம் எண்ணிப் பார்த்தல் தகும். உரத்துக் கூறுவதே உலகில் நிலைக்கும் என்று கருதும் மாணவராகிய நமக்கு, அம்மையாரின் விரல்கள் வேறொன்று கற்பிக்கின்றன. செவ்விதாகச் செய்தது எத்துணைச் சிறிதாயினும் கேட்பார் உளராவர். அவர் வழியே அது வாழும்.