மன்றோ: குடிப்பெயர் வரலாறும் பாராமகால் நிருவாகியின் வாழ்வும்

முன்னுரை

அயல்நாட்டார் குடிப்பெயர்களைத் தமிழில் எழுதும்போது ஒலித்திரிபும் ஆள்மயக்கமும் நேர்கின்றன. சென்னை மாகாண ஆளுநர் சர் தாமஸ் மன்றோவின் வாழ்வை அவர்தம் குடிப்பெயரோடு இணைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

குடிப்பெயர்

மன்றோ என்பது ஸ்காட்லாந்தின் வடபால் ராஸ் பகுதியில் ஃபவுலிஸ் கோட்டையைத் தலைமையிடமாகக் கொண்ட குடியின் பெயர். கேலிக் மொழியில் இக்குடியினரைச் சுட்டும் சொல் 'ரோ' என்னும் இடத்தார் எனப் பொருள்படும். முன்னோர் அயர்லாந்தின் ரோ ஆற்றங்கரையினின்று பெயர்ந்தனர் என்பது குடிமரபு. எனவே இஃது இடவழிப் பெயராகும். தமிழில் னகர மெய்யை அடுத்து ரகரம் மயங்காது, றகரம் மயங்கும். ஆதலின் 'மன்றோ' என்ற வடிவம் தமிழ் மரபிற்கு இயைந்தது. 'மன்று' என்னும் சொல்லோடு அதற்குத் தொடர்பில்லை.

வாழ்வு

தாமஸ் மன்றோ 1761இல் கிளாஸ்கோ நகர வணிகர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். 1780இல் கும்பினிப் படைவீரராகச் சென்னை வந்து, ஹைதர் அலிக்கும் திப்பு சுல்தானுக்கும் எதிரான போர்களில் பங்கேற்றார். 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாராமகால் கும்பினிக்குக் கிடைத்தபோது, அலெக்சாண்டர் ரீடின் உதவியாளராக அங்கு அமர்ந்தார். உழவரிடமே நேரே தீர்வை பெறும் இரயத்துவாரி முறை அங்கே உருப்பெற்றது. 1799க்குப் பின் கன்னடக் கடற்கரையிலும், 1800 முதல் 1807 வரை இராயலசீமையிலும் பணியாற்றினார். 1820இல் ஆளுநரானார். 1827 சூலை 6 அன்று பத்திகொண்டாவில் வாந்திபேதியால் இறந்தார். இராயலசீமை மக்கள் தம் பிள்ளைகளுக்கு மன்றோலப்பா எனப் பெயரிட்டனர். அயற்குடிப்பெயர் இவ்வாறு விகுதி ஏற்று இயற்பெயராயிற்று.

பெயர் மயக்கம்

1764இல் பக்சார் போரில் வென்றவர் ஹெக்டர் மன்றோ. கொல்லத்தை அடுத்த மன்றோ தீவு, திருவிதாங்கூர் ரெசிடெண்டாக இருந்த ஜான் மன்றோவின் பெயரால் அமைந்தது. இருவரும் தாமஸ் மன்றோவின் வேறானவர்.

முடிவுரை

ஓசூர், பாகலூர்ப் பகுதி 1799 வரை மைசூர் ஆட்சியில் இருந்தது. அது கும்பினி வசமான காலத்தில் மன்றோ பாராமகாலை விட்டு நீங்கினார். இன்று ஒரே கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அடங்குவதால், அவரது பாராமகால் பணியை இவ்வட்டார நிலவரி வரலாற்றின் மீது ஏற்றிக் கூறுதல் பொருந்தாது. பெயரால் ஆளையும் ஆண்டால் இடத்தையும் வரையறுத்த பின்னரே வட்டார வரலாறு எழுதப்பெறுதல் வேண்டும்.