பார்த்தெனானில் மீட்ட பறவை

விளக்கேந்திய மங்கை எனப் போற்றப்பெறும் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரின் (1820–1910) கனிவை நாம் போர்க்கால மருத்துவமனையோடு மட்டுமே இணைத்துப் பேசிப் பழகிவிட்டோம். அதற்கு முன்னரே அவர் கைகளில் பிழைத்த உயிரொன்று உண்டு.

1850 ஜூனில் கிரேக்கப் பயணத்தின்போது, ஏதென்சு நகரின் பார்த்தெனான் கோயிலருகே, கூட்டிலிருந்து வீழ்ந்த சிற்றாந்தைக் குஞ்சைச் சிறுவர்கள் வருத்தக் கண்டார். மீட்டெடுத்து அத்தீனா எனப் பெயரிட்டார். (அவர்தம் குடும்பப் பெயரும் ஒரு பறவையின் பெயரே!) பொறுமையுடன் பழக்கவே, அது அவர் சட்டைப்பையில் அமர்ந்து உடன் திரியலாயிற்று. அவர் வளர்த்த பிளேட்டோ என்னும் சிள்வண்டை அது விழுங்கிவிட்டதாம்; ஆந்தை ஆந்தைதானே!

ஆயினும் மனிதர் கையில் வளர்ந்த பறவை அவரையே சார்ந்துவிடும். மீட்ட பறவைக்கு இரைதேடப் பயிற்றி மீண்டும் வெளியில் விடுதல் இன்றைய முறை. அத்தீனாவுக்கு அது வாய்க்கவில்லை. 1854 அக்டோபரில் அம்மையார் கிரிமியப் போரில் காயமுற்றோரைப் பேணப் புறப்பட்ட பரபரப்பில், வீட்டார் அதனை மேல்மாடி அறையில் விட்டுவைத்தனர். எலி பிடித்து உண்ணும் என எண்ணினர் போலும். கவனிப்பாரின்றி அது மாண்டது. ஆயிரமாயிரம் வீரர்க்குத் துணையாகச் சென்றவர், இச்சிற்றுயிருக்காகக் கண்ணீர் உகுத்தார். தமக்கையார் பார்த்தெனோப் அதன் வரலாற்றைப் படங்களுடன் சிறுநூலாக்கி, 1855இல் தங்கைக்கு அளித்தார்.

பதப்படுத்தப்பெற்ற அத்தீனாவின் உடல், இலண்டனில் அம்மையார் பெயரால் விளங்கும் அருங்காட்சியகத்தில் உள்ளது.