கல்லிலிருந்து உயிர் வாழும் கிருமிகள்: யார் இந்த வினோகிராட்ஸ்கி?

சுரங்கத்திலிருந்து தோண்டிக் கொட்டிய கழிவு மண்மேட்டில் ஆண்டுக்கணக்கில் புல்கூட முளைக்காமல் கிடப்பதுண்டு. உயிரே இல்லாத இடம் என்றுதான் தோன்றும். ஆனால், கண்ணுக்குத் தெரியாத ஒரு கூட்டம் அங்கே வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. அந்தக் கூட்டத்தை உலகுக்குக் காட்டியவர் செர்கேய் வினோகிராட்ஸ்கி.

1856-ல் கீவ் நகரில், வசதியான குடும்பத்தில் பிறந்தவர். முதலில் சட்டம் படிக்கப் போனார், பிடிக்கவில்லை. செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பியானோ கற்றார், அதையும் விட்டுவிட்டார். கடைசியில் இயற்கை அறிவியல். இன்றைக்கு நம் வீட்டில் ஒரு பிள்ளை இப்படி மாறி மாறிப் படித்தால் என்ன பேச்சு கேட்க வேண்டியிருக்கும்!

1885-ல் ஸ்ட்ராஸ்பர்க் போய், கந்தக நீரூற்றுகளில் வளரும் பெஜியாடோவா என்ற பாக்டீரியாவை ஆராய்ந்தார். உயிர்களுக்கு ஆற்றல் வர இரண்டே வழி என்று அப்போது நினைத்திருந்தார்கள்: செடி மாதிரி வெயிலிலிருந்து எடுக்க வேண்டும், அல்லது இன்னோர் உயிர் உண்டாக்கியதைச் சாப்பிட வேண்டும். இந்த பாக்டீரியா இரண்டிலும் சேரவில்லை. அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடை எரிபொருளாக்கி, அதைக் கந்தக அமிலமாக மாற்றியது. உயிரற்ற தாதுப்பொருளே அதற்குச் சாப்பாடு.

அடுத்து சூரிச்சில், மண்ணில் உள்ள அம்மோனியாவை நைட்ரேட்டாக்குவது யார் என்று தேடினார். மற்றவர்கள் இந்த பாக்டீரியாவைப் பிரித்தெடுக்க முடியாமல் தவித்ததற்குக் காரணம், அதற்குச் சத்தான உணவு கொடுத்ததுதான். வினோகிராட்ஸ்கி வெறும் உப்புகளும் அம்மோனியாவும் மட்டும் கொடுத்தார். 1890-ல் வெற்றி. பிறகு, காற்றிலுள்ள நைட்ரஜனைத் தானே பிடிக்கும் மண் பாக்டீரியா ஒன்றையும் கண்டுபிடித்தார்.

சுரங்கக் கழிவுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? பல கழிவு மேடுகளில் பைரைட் என்ற இரும்பு–கந்தகக் கனிமம் இருக்கும். காற்றும் மழைநீரும் பட்டதும், பாக்டீரியா அதை வேகமாகச் சிதைத்து அமிலமாக்கிவிடும். செடி கருகுவது அதனால்தான். அமெரிக்க நிலக்கரிச் சுரங்கங்களின் அமில நீரில் அப்படிப்பட்ட பாக்டீரியா இருப்பதை 1947-ல் அறிவித்தார்கள். வினோகிராட்ஸ்கி அப்போது உயிரோடுதான் இருந்தார், வயது 90-க்கு மேல்.

நிலத்தைக் கெடுப்பதும் கிருமிதான், மீட்பதும் கிருமிதான். சுண்ணாம்பு போட்டு அமிலத்தை அடக்கினாலும், கழிவு மண்ணில் நைட்ரஜன் மிகக் குறைவு. அதனால்தான் வேர் முடிச்சில் பாக்டீரியாவை வைத்திருக்கும் பயறுவகைச் செடிகளை முதலில் நடுகிறார்கள். அவற்றின் இலை உதிர்ந்து மட்கி அம்மோனியாவாகும். அதை நைட்ரேட்டாக்க வினோகிராட்ஸ்கியின் பாக்டீரியா வர வேண்டும். உரமே போடாமல் இந்தச் சுழற்சி ஓட ஆரம்பித்தால்தான் கொட்டிய மண் உண்மையான மண்ணாகும். அதற்குப் பல ஆண்டுகள் பிடிக்கும்.

அவர் வாழ்க்கையும் ஒருமுறை வெறும் தரையானது. 1905 வாக்கில் ஆய்வை விட்டு ஒதுங்கி, பண்ணையைப் பார்த்துக்கொண்டிருந்தார். 1917 புரட்சியில் சொத்தெல்லாம் போனது. நாட்டைவிட்டு வெளியேறினார். பாஸ்டர் நிறுவனம் 1922-ல் அழைத்தபோது அவருக்கு வயது 65. பாரிஸ் அருகே பிரி-கோம்த்-ரொபேர் என்ற சிற்றூரில் மீண்டும் நுண்ணோக்கி முன் உட்கார்ந்தார். ஆய்வகத்தில் வளர்த்த ஒற்றைக் கிருமியை அல்ல, மண்ணுக்குள் எல்லாம் கலந்து வாழும் கூட்டத்தையே பார்க்க வேண்டும் என்று அங்கே பிடிவாதமாக வேலை செய்தார். மண் நுண்ணுயிரியல் பற்றிய அவரது பெரிய நூல் 1949-ல் வெளிவந்தது. 1953-ல், அதே ஊரில் காலமானார்.