கடல் கடந்த பதினேழு வயது

கீதாஞ்சலியின் ஆசிரியர், 1913-இல் நோபல் பரிசு பெற்றவர், சாந்திநிகேதனைக் கண்டவர் என்ற அளவில் இரவீந்திரநாத தாகூரை அறியாதார் நம்மிடையே இலர். வெண்தாடியும் நீண்ட அங்கியுமாக அவரைப் பார்த்துப் பழகிவிட்ட நமக்கு, அயல்நாட்டில் பெட்டியும் கையுமாகத் திகைத்து நின்ற மாணவராக அவரை எண்ணிப் பார்ப்பது கடினமே. எனினும் 1878 முதல் 1880 வரை அவர் இங்கிலாந்தில் கழித்த ஒன்றரை ஆண்டுக்குச் சற்றே குறைந்த காலம் நம் ஆய்வுக்கு உரியது. பட்டம் எதுவும் பெறாமல் திரும்பிய அந்தப் பயணத்தைத் தோல்வி என்போரும் உண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை.

பள்ளிக்கூடம் என்றாலே ஒதுங்கிய பிள்ளை அவர். பாரிஸ்டர் ஆக்கினால் குடும்பத்துக்குப் பயன்படுவார் எனப் பெரியோர் எண்ணினர். இந்தியர்களுள் முதன்முதலாக ஐ.சி.எஸ். தேர்வில் வென்ற தமையனார் சத்தியேந்திரநாதர் அப்போது அகமதாபாத்தில் நீதிபதி. அவருடன் சில திங்கள் தங்கி, பம்பாயில் ஒரு மராத்தியக் குடும்பத்தில் ஆங்கிலப் பேச்சும் பழக்கமும் கற்று, 1878 செப்டம்பர் 20 அன்று இரவீந்திரர் கப்பலேறினார். வயது பதினேழு.

செல்லுமுன் அவர் உள்ளத்தில் ஓர் இங்கிலாந்து இருந்தது. நூல்களில் படித்த இங்கிலாந்து அது. டென்னிசனின் கவிதையும் கிளாட்ஸ்டனின் சொற்பெருக்கும் அச்சிறு தீவின் மூலைமுடுக்கெல்லாம் ஒலித்துக்கொண்டிருக்கும் என்று அவர் நம்பியிருந்தார். கண்டதோ வேறு. ஆடவர் அலுவலில் ஓடினர், பெண்டிர் புதுப்பாணி உடைகளைப் பற்றி உரையாடினர், மதுக்கடைகள் மலிந்திருந்தன, நூற்கடைகளைத் தேட வேண்டியிருந்தது. இந்த ஏமாற்றத்தை அவர் மறைக்கவில்லை. வீட்டுக்குக் கடிதங்களாக எழுதினார். அவை குடும்பத்தார் நடத்திய ‘பாரதி’ என்னும் வங்க இதழில் 1879 முதல் வெளிவந்தன. (நம் பாரதியார் பிறப்பதற்கு ஐந்தாண்டுகட்கு முன்பே, 1877-இல் தொடங்கிய இதழ் அது.) 1881-இல் அக்கடிதங்கள் நூலாயின. ஏட்டு வங்கத்தை விடுத்துப் பேச்சு வங்கத்தில் அவர் எழுதிய முதல் உரைநடை நூல் அது என்பதைத் தமிழ் பயிலும் நாம் குறித்துக்கொள்ள வேண்டும். கண்டதைக் கண்டவாறே வீட்டாருக்குச் சொல்ல முனைந்த இளைஞருக்குப் பண்டிதர் நடை உதவவில்லை.

அக்கடிதங்களில் மிகுதியாக அடிபட்டவர்கள் ஆங்கிலேயர் அல்லர், இலண்டன் வாழ் வங்காளியரே. ஆங்கிலேயர்முன் பணிந்தும் தம் நாட்டார்முன் நிமிர்ந்தும், முள்கரண்டி பிடிக்கும் முறையில் ஆங்கிலேயரையே விஞ்சியும் வாழ்ந்த ஒரு கூட்டத்தை அவர் எள்ளி நகையாடினார். இன்று வேற்று நாடுகளிலிருந்து விடுமுறைக்கு வரும் நம் இளைஞர் சிலரைக் காணும்போது அந்தப் பக்கங்கள் பழையன ஆகவில்லை என்றே தோன்றுகிறது.

ஆனால் ஏளனம் எளிது. ஒரு சமுதாயத்தைத் தெருவிலிருந்து பார்ப்பதும் வீட்டுக்குள்ளிருந்து பார்ப்பதும் ஒன்றல்ல. இரண்டாவதற்கு அவர் காத்திருக்க நேர்ந்தது.

முதலில் பிரைட்டன் நகரில் அண்ணியாருடனும் குழந்தைகளுடனும் இருந்தார். அங்குள்ள பள்ளியில் சேர்ந்தார். ஆங்கிலச் சிறுவர்கள் அவருடைய சட்டைப் பையில் ஆரஞ்சும் ஆப்பிளும் திணித்துவிட்டு ஓடிவிடுவார்களாம். அயல்நாட்டான் என்பதாலேயே இப்படிச் செய்தனர் என அவர் பிற்காலத்தில் கருதினார். அன்பு காட்டக் கூச்சப்பட்ட பிள்ளைகள் போலும்! பின்னர் இலண்டனில், ரீஜன்ட்ஸ் பூங்காவுக்கு எதிரே ஒரு விடுதியறையில் தனியே வைக்கப்பட்டார். மாரிக் காலம், இலையற்ற மரங்கள், பேச ஆளில்லை. இலத்தீன் கற்பிக்க ஓர் ஆசிரியர் வருவார். கிழிந்த உடை, அரைவயிற்று உணவு. ஒரே காலத்தில் உலகின் பல சமுதாயங்களில் ஒரே கருத்து தோன்றுகிறது என்பது அவர் கொள்கை. அதற்குச் சான்று தேடியே குடும்பத்தாரின் வெறுப்புக்கு ஆளானவர். விடைபெறும்போது, உன் பொழுதை வீணாக்கியதன்றி யாதும் செய்யவில்லை என்று கூறி ஊதியத்தை ஏற்க மறுத்துவிட்டாராம்! வற்புறுத்தியே கொடுக்க வேண்டியிருந்தது. இலத்தீன் வந்ததோ இல்லையோ, அந்த மனிதரைத் தாகூர் இறுதிவரை மறக்கவில்லை.

நகைப்புக்குரிய துன்பமும் ஒன்று உண்டு. இந்தியாவில் உயர்பதவி வகித்த ஆங்கிலேயர் ஒருவரின் கைம்பெண் மனைவி, தம் கணவர்மீது இந்திய நண்பர் ஒருவர் ஆங்கிலத்தில் இயற்றியிருந்த இரங்கற்பாவை இராகத்தோடு பாடும்படி இவரை ஓயாமல் வேண்டுவார். ஒருமுறை வெளியூரிலுள்ள தம் இல்லத்துக்கே அழைத்தார். குளிரில் இரயிலேறிய இளைஞர் இறங்க வேண்டிய நிலையத்தைத் தவறவிட்டு, மறுவண்டியில் திரும்பி, இரவில் பசியோடு போய்ச் சேர்ந்தார். விருந்து முடிந்துவிட்டிருந்தது. தேநீருடன் சிறிது பிஸ்கட் கிடைத்தது. பின் முதிய மாதரோடு நடனமாட வேண்டியதாயிற்று. படுக்க இடமோ வெளியே ஒரு சத்திரத்தில். காலையில், நோயுற்றுப் படுத்திருந்த மூதாட்டி ஒருவரின் மூடிய கதவுக்கு வெளியே, மாடிப்படியில் நின்று அந்த இரங்கற்பாவைப் பாடினார். இந்தியனைக் காட்சிப்பொருளாகக் கருதும் மனப்பான்மைக்கு இதைவிடச் சான்று வேண்டுமா? ஆயினும் வெஞ்சினமின்றி, தம்மைத்தாமே நகைத்துக்கொண்டு அவர் இதைத் தம் நினைவுகளில் எழுதிவைத்தார்.

இறுதியில் ஸ்காட் என்ற மருத்துவரின் இல்லத்தில் இடம் கிடைத்தது. இந்தியன் ஒருவன் தங்க வருகிறான் என்று கேட்டு, அவ்வீட்டின் இளைய பெண்கள் இருவர் உறவினர் வீட்டுக்கு ஓடிவிட்டனர்! அஞ்சத் தக்கவன் அல்லன் என்ற செய்தி கிடைத்த பின்னரே திரும்பினர். சில நாளில் அவர் அவ்வீட்டுப் பிள்ளை ஆனார். திருமதி ஸ்காட் அவரை மகனாகவே நடத்தினார். மாலையில் கணவர் வருமுன் நாற்காலியையும் மிதியடியையும் தம் கையாலேயே எடுத்து வைப்பார். ஒருநாள் இளையோர் கூடி, மேசைமேல் கைவைத்து ஆவியை அழைக்கும் விளையாட்டில் ஈடுபட்டு, மருத்துவரின் தொப்பியையும் அதற்கு எடுத்தபோது, அம்மையார் ஓடிவந்து பறித்துக்கொண்டார். கணவரின் தொப்பியைச் சாத்தானோடு தொடர்புறுத்துவதை விளையாட்டாகவும் அவரால் தாங்க இயலவில்லை. கணவனைப் போற்றும் மனைவி நம் நாட்டுக்கே உரியவள் என்று நம்பி வந்த இளைஞர், மனித இயல்பு எங்கும் ஒன்றே எனக் கண்டது இங்கேதான்.

அவ்வீட்டுப் பெண்ணொருத்தி வங்கமொழி கற்க விரும்பினாள். ஆங்கிலத்தைப் போல் எழுத்து ஒன்று, ஒலிப்பு ஒன்று என்ற குழப்பம் எம்மொழியில் இல்லை என்று பெருமையோடு தொடங்கிய தாகூர், விரைவில் திகைத்தார். லக்ஷ்மி என எழுதி லொக்கி என ஒலிக்கும் மொழியன்றோ அது! ககரம் காகத்தில் இருவேறாக ஒலிப்பதை வேற்றுமொழியாருக்கு விளக்க முற்பட்ட நம் ஆசிரியர்களுக்கு அந்தத் திகைப்பு புரியும். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பேராசிரியர் ஹென்றி மார்லியின் இலக்கிய வகுப்பில் சேர்ந்திருந்த அவர், கல்லூரி நூலகத்தில் நண்பர் லோகேன் பாலித்துடன் அமர்ந்து வங்க ஒலிப்பு விதிகளைத் திரட்டலானார். பிற்காலத்தில், 1909-இல் வெளிவந்த ‘சப்ததத்துவம்’ என்னும் மொழியியல் நூலுக்கு வித்து அதுவே. சட்டம் பயிலச் சென்றவர் தம் தாய்மொழியின் இலக்கணத்தைப் பயின்றார்.

இதற்கிடையே, ஆணும் பெண்ணும் கலந்து பேசும் ஆங்கிலச் சமுதாயத்தைப் பாராட்டியும், பெண்களை உள்ளே அடைத்து வைக்கும் நம் வழக்கத்தைக் கண்டித்தும் அவர் எழுதிய கடிதங்கள் வீட்டில் புயலைக் கிளப்பின. இதழாசிரியரான மூத்த தமையனார் துவிஜேந்திரநாதர், தம்பியின் கடிதத்தின் அடியிலேயே மறுப்புக் குறிப்புகளை அச்சிட்டார். தம்பியும் விடவில்லை, அடுத்த கடிதத்தில் விடையளித்தார். எழுதியவரும் மறுத்தவரும் ஒரே வீட்டார் என்பதும், இரண்டையும் வாசகர் ஒரே பக்கத்தில் படித்தனர் என்பதும் வியப்பே. சத்தியேந்திரநாதருடன் உடனே திரும்புக எனத் தந்தை தேவேந்திரநாதரின் ஆணை வந்தது. காரணத்தைத் தாகூர் எங்கும் விளக்கவில்லை. அக்கடிதங்களே காரணம் என்பார் பலர். பிரியும்போது திருமதி ஸ்காட், இவ்வளவு விரைவில் போவதாயின் ஏன் வந்தாய் என்று கேட்டு அழுதார். 1880 தொடக்கத்தில் கப்பல் புறப்பட்டது.

முதுமை எய்தத் தொடங்கிய காலத்தில், 1912-இல் வந்த தம் நினைவுக் குறிப்புகளில், அக்கடிதங்களை இளமையின் வீண் வீறாப்பு என அவரே ஒதுக்கினார். பிறரைப் போற்றும் ஆற்றலே பெரிது என்பதை அவ்வயது ஏற்காது என்றும் வருந்தினார். அத்தீர்ப்பு கடுமையானது என்பது நம் எண்ணம். பெண்கள் குறித்த பகுதிகளையேனும் அவர் காத்திருக்கலாம்.

சட்டம் பயிலும் ஆசை வீட்டாருக்குத் தீரவில்லை. 1881-இல் மருமகன் சத்தியபிரசாதருடன் மீண்டும் இங்கிலாந்துக்கு அனுப்பினர். இம்முறை பயணம் நம் சென்னையோடு நின்றது. உடன் வந்தவர் மேலே செல்ல மறுக்கவே, இருவரும் சென்னையிலிருந்தே திரும்பிவிட்டனர். தந்தையார் அப்போது முசூரி மலையில் இருந்தார். நடுங்கிக்கொண்டே சென்று நின்றார் இரவீந்திரர். தந்தை சினக்கவில்லை, மகிழ்ந்தவர் போலவே காணப்பட்டாராம்.